ஐம்பத்தைந்தில் ஒரு பங்கு

பெருநாள் நெருங்கினால் புறக்கோட்டைக்குப் போகாத குடும்பம் நம்மில் எத்தனை இருக்கும்? தூரத்து ஊர்களிலிருந்துகூட வேன் பிடித்து வந்து, பிரதான வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் ஏறி இறங்கி, பிள்ளைகளுக்கு உடுப்பு, உம்மாவுக்குச் சாரி, வீட்டுக்குத் திரைச்சீலை என்று வாங்கிக் கொண்டு போகிறீர்கள். தள்ளுவண்டியோடு நாட்டாமி வந்தால் ஒதுங்குகிறீர்கள். கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக் கொள்கிறீர்கள். அந்த நெரிசலில் கண் கீழேயும் முன்னேயும்தான் இருக்கும். மேலே பார்க்க யாருக்கு நேரம்?

அடுத்த முறை போகும்போது ஒரு நிமிடம் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் ஒதுங்கி நின்று, கடையின் பெயர்ப் பலகைக்கு மேலே பாருங்கள். கீழே கண்ணாடியும் மின் விளக்கும் குளிரூட்டியுமாக மினுங்கும் அதே கடைக்கு மேலே, வளைவு வைத்த பழைய ஜன்னல்கள் தகரத்தால் அடைக்கப்பட்டிருக்கும். கூரை விளிம்பில் பூ வேலை செய்த பலகை பாதி உடைந்து தொங்கும். சுவரின் காறை உதிர்ந்து சிவந்த கல் தெரியும். முகட்டுச் சுவரின் வெடிப்பில் ஓர் அரசங்கன்று செழிப்பாக வளர்ந்து நிற்கும். அதன் கீழே, ஒன்றுமே நடக்காதது போல, நூறு பேர் விலை பேசிக் கொண்டிருப்பார்கள்.

"அரசாங்கத்துக் கட்டிடமாக்கும்" என்று நினைத்து நடந்து விடுகிறோம். அப்படியல்ல. அவற்றில் எத்தனையோ குடும்பச் சொத்துகள். இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களில் சிலருடைய மூத்தாப்பாவின் பெயரிலும் ஓர் உறுதி, பெட்டகத்துக்குள் பழைய உடுப்புகளுக்கு அடியில், செல்லரித்துக் கிடக்கக் கூடும். எங்கள் வீட்டில் கிடந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் உம்மாவின் வாப்பா, மர்ஹூம் மூத்தாப்பா, 1946ஆம் ஆண்டில் ஒரு குறுக்குத் தெருவில் இரண்டு மாடிக் கடையொன்றை வாங்கினார். அவர் வாங்கும்போதே அது பழைய கட்டிடம். கபுக் கல்லில் கட்டி, சுண்ணாம்பு பூசி, கள்ளிக்கோட்டை ஓடு போட்டது. மேலே மரத்தாலான பலகணி. கீழே துணி வியாபாரம், மேலே கணக்கப்பிள்ளைகள் தங்குவார்கள். ஒரு காலத்தில் பெருநாள் இரவில் விடிய விடிய அந்தக் கடை திறந்திருக்குமாம். 1958இல் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போகவே, கடையை ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்தார். அன்று வந்தவரின் பேரன்தான் இன்று அங்கே வியாபாரம் செய்கிறார்.

மூத்தாப்பா 1969இல் மௌத்தானார். மனைவி, நான்கு ஆண் பிள்ளைகள், மூன்று பெண் பிள்ளைகள். ஷரீஅத் கணக்கில் சொத்தை 88 பங்காக்கினார்கள். உம்மும்மாவுக்கு எட்டில் ஒன்று, அதாவது 11 பங்கு. மாமாமார் ஒவ்வொருவருக்கும் 14. உம்மாவுக்கும் அவருடைய இரண்டு சகோதரிகளுக்கும் ஆளுக்கு 7. பிறகு உம்மும்மாவும் போய்ச் சேர, அவருடைய 11 பங்கும் பிள்ளைகளுக்கே வந்தது. உம்மாவுக்கு இப்போது 88இல் 8. சுருக்கினால் பதினொன்றில் ஒன்று. உம்மாவும் பின்னர் வாப்பாவும் வபாத்தான பிறகு, அந்தப் பதினொன்றில் ஒன்றை என் இரண்டு சகோதரர்களும் நானும் ஐந்தாகப் பிரித்தோம். அவர்களுக்கு இரண்டிரண்டு, எனக்கு ஒன்று. ஆக, அந்தக் கடையில் எனக்குச் சொந்தமானது ஐம்பத்தைந்தில் ஒரு பங்கு.

கடையின் மாத வாடகை எவ்வளவு தெரியுமா? 320 ரூபா. எழுத்துப் பிழை அல்ல. முந்நூற்று இருபது. என் பங்குக்கு மாதம் 5 ரூபா 82 சதம். அந்தக் காசுக்கு இன்று ஒரு தேங்காய்ச் சிரட்டை கூட வாங்க முடியாது.

இது எப்படி வந்தது என்று இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் வீடும் கடையும் கிடைக்காமல் சனங்கள் தவித்தார்கள். சொந்தக்காரர்கள் இஷ்டத்துக்கு வாடகையைக் கூட்டி, கொடுக்காதவர்களை வெளியே போடாமல் தடுக்க 1948இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பின்னர் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. வாடகையைப் பழைய மதிப்பீட்டோடு கட்டிப் போட்டது. பெரிய கட்டிடங்களுக்கு விதிவிலக்கு இருந்தது. நடுத்தரக் கடைகளுக்கு இல்லை. வாடகைக்காரர் இறந்தால் அவருக்குப் பின் வியாபாரத்தை நடத்துபவருக்கு உரிமை தொடர்ந்தது. சொந்தக்காரர் வாடகையை வாங்க மறுத்தாலும் மாநகர சபையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஏழையைக் காக்க வந்த சட்டம்தான். அதனால் எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வராமல் தப்பின என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் காசின் பெறுமதி கரைந்து போனபோது வாடகை மட்டும் இருந்த இடத்திலேயே நின்று விட்டது. பின்னர் 1980இலும் 2002இலும் திருத்தங்கள் வந்தன. எங்கள் கடைக்குள் அவை வந்து சேரவில்லை.

வாடகைக்காரரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் நல்ல மனிதர். ஒவ்வொரு மாதமும் தவறாமல் 320 ரூபாவுக்குப் பற்றுச்சீட்டு வாங்கி வைத்திருக்கிறார். நோன்பு காலத்தில் சின்ன மாமாவைத் தேடி வந்து சலாம் சொல்லி, பேரீச்சம்பழப் பொதி கொடுத்துவிட்டுப் போவார். கூரை ஒழுகினால் தன் கைக்காசில் தகரம் வாங்கி அடிப்பார். அதற்கு மேல் ஏன் செலவழிக்க வேண்டும், கட்டிடம் அவருடையதா? நாங்கள்தான் ஏன் செலவழிக்க வேண்டும், 320 ரூபாவுக்காகவா? இரண்டு பக்கத்துக் கேள்வியும் நியாயமானது. இரண்டு நியாயத்துக்கும் நடுவில் மழை இறங்கிக் கொண்டிருந்தது.

2023 மே மாதம் ஓரிரவு, முகட்டுச் சுவரிலிருந்து ஓர் ஆள் தலையளவு கல்லும் காறையும் பிரிந்து நடைபாதையில் விழுந்தது. இரவென்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பகலில் அதே இடத்தில்தான் நாட்டாமிமார் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுத் தேநீர் குடிப்பார்கள். பிறகு கட்டிடம் ஆபத்தானது என்று எச்சரிக்கும் நோட்டீஸ் வந்தது. அது மூத்தாப்பாவின் பெயருக்கே வந்திருந்தது. 54 வருடங்களுக்கு முன் கபுறுக்குப் போனவருக்கு! உறுதியில் பெயர் மாற்ற யாரும் போகவில்லையே, வேறு யாருக்கு அனுப்புவார்கள்?

என் தம்பியின் மகள் மொரட்டுவையில் கட்டிடக் கலை படித்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரு ஓய்ந்திருந்த நேரம் பார்த்து, அவளை அழைத்துக் கொண்டு போனேன். மூன்று மணித்தியாலம் ஏணி வைத்து ஏறி இறங்கினாள். புழுதியில் தலையெல்லாம் வெள்ளையாகக் கீழே வந்து, "மாமி, சுவர் சாகல்ல. நனைஞ்சி கிடக்குது" என்றாள்.

அவள் காட்டித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் குடும்பத்திலும் பழைய கட்டிடம் இருந்தால் உதவும்.

எங்கள் கூரையும் பக்கத்துக் கடைக் கூரையும் சேரும் இடத்தில் ஒரு பீலி ஓடுகிறது. அதில் புறாக் கூடும் பொலித்தீன் பைகளும் அடைத்து, தண்ணீர் வழிந்தோட வழியில்லாமல் சுவரின் தலைக்குள் இறங்கியிருக்கிறது. கபுக் கல் காய்ந்திருந்தால் காலம் காலமாகத் தாங்கும், ஊறினால் இளகிவிடும். சுவருக்குள் செருகிய உத்திரங்களின் நடுப்பகுதி இரும்பு போல இருந்தது. சுவருக்குள் இருந்த நுனிகள் மட்டும் ஈரத்தில் உக்கி, விரலால் குத்தினால் தூளாகக் கொட்டின. யாரோ ஒரு காலத்தில் நல்லெண்ணத்தோடு பழைய சுண்ணாம்புப் பூச்சுக்கு மேல் சீமேந்து பூசியிருக்கிறார்கள். அதுதான் பெரிய கெடுதி என்றாள். சுண்ணாம்பு மூச்சு விடும், உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். சீமேந்து அதை உள்ளேயே பூட்டி வைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் உறுதியாகத் தெரியும். தட்டினால் வெறும் பானைச் சத்தம் கேட்கும்.

கடை முகப்பை அகலமாக்க முன்சுவரின் ஒரு பகுதியை உடைத்து இரும்பு உத்திரம் போட்டிருந்தார்கள். கடற்காற்றின் உப்பில் அது துருப்பிடித்துப் பருத்து, மேலிருந்த கல்லைப் பிளந்திருந்தது. மேல்மாடியில் கூரை முட்டத் துணிப் பொதிகள். மூன்று கணக்கப்பிள்ளைகள் பாய் விரித்துப் படுத்த பலகைத் தளம் அத்தனை பாரத்துக்காகப் போட்டதல்ல. அந்தப் பொதிகளுக்கு நடுவே பழைய மின்கம்பிகள் வலைபோல ஓடின. 2023 ஒக்டோபரில் இரண்டாம் குறுக்குத் தெருவில் துணிக்கடையொன்று தீப்பிடித்துப் பலர் காயமடைந்த செய்தியைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கம்பிகள்தான் கண்ணுக்குள் வந்தன.

அரசங்கன்று காகம் போட்ட விதை. அதை வெட்டினால் போதும் என்று நினைக்கிறோம். வெட்ட வெட்ட வேர் சுவருக்குள் தடிக்கும். வேரோடு எடுக்க வேண்டும்; விரல் தடிப்பில் இருக்கும்போதே எடுக்க வேண்டும்.

"எவ்வளவு முடியும்?" என்று கேட்டேன். கூரையையும் பீலியையும் உத்திர நுனிகளையும் சீர்செய்து முகட்டுச் சுவரைக் கட்டிப் பிடிக்க 22 இலட்சம் என்று கணக்குக் கொடுத்தாள். பலகணியும் மின்சார வேலையும் பிறகு.

அதே நேரத்தில் ஒரு தரகர் சின்ன மாமாவிடம் வந்து போனார். நிலத்துக்குக் கோடிக் கணக்கில் விலை. ஆனால் வாடகைக்காரர் இல்லாமல், கட்டிடம் இல்லாமல், வெறும் காணியாக வேண்டுமாம். வாங்குபவர் ஆறு மாடியில் கண்ணாடிக் கட்டிடம் போடப் போகிறாராம்.

பழைய கட்டிடங்களைப் பற்றி யாரும் பத்திரிகையில் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். பலர் அவற்றை மறந்து விட்டுவிடவில்லை. காத்திருக்கிறார்கள். கட்டிடம் தானாக விழுந்தால் வாடகைக்காரர் போய்விடுவார், பாதுகாக்கச் சொல்லும் வாயும் அடங்கிவிடும், காணி கைக்கு வரும் என்று. எங்கள் குடும்பக் கூட்டத்திலேயே ஒருவர் அதை வெளிப்படையாகச் சொன்னார். "இன்னும் ரெண்டு மாரி. அதுக்குப் பொறகு வழக்கும் தேவல்ல, ஒண்டும் தேவல்ல." சிலர் தலையாட்டினார்கள். அவர் கெட்டவரல்ல. இரண்டு பெண் பிள்ளைகளின் கலியாணத்தை வைத்துக் கொண்டிருப்பவர்.

2018 பெப்ரவரியில் கிராண்ட்பாஸில் ஒரு பழைய கட்டிடம் இடிந்து விழுந்து ஏழு பேர் மாண்டு போனது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே இறந்தவர்கள் அன்றாடம் வேலைக்கு வந்தவர்கள். கட்டிடம் ஞாயிற்றுக்கிழமை இரவு பார்த்து விழுவதில்லை. "இரண்டு மாரி" என்று கணக்குப் போடுகிறவர், அதன் கீழே நின்று தேநீர் குடிப்பவனின் உயிரையும் சேர்த்தே கணக்குப் போடுகிறார். இதை அந்தக் கூட்டத்தில் நான் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சின்ன மாமாதான் பிறகு பேசினார். மூத்தாப்பாவின் பிள்ளைகளில் உயிரோடிருப்பவர் அவர் ஒருவரே. "மகள், அந்தக் கடையப் பத்திப் பேச்செடுத்தாலே குடும்பம் ஒடையும். அதுக்காகத்தான் நாங்க அம்பது வருஷமாப் பேசாம இருந்த" என்றார். அதுவும் உண்மை. பாகப் பிரிவினை வழக்குப் போடலாம். 1977ஆம் ஆண்டின் பிரிவிடற் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணத்தைப் பங்கிடவும் நீதிமன்றம் கட்டளையிடலாம். ஆனால் அந்த வழக்குகள் எத்தனை வருடம் இழுபடும் என்பதை நீதிமன்றப் படி ஏறிய எந்தக் குடும்பத்திடமும் கேட்டுப் பாருங்கள். வழக்கு முடியுமுன் கூரை முடிந்துவிடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் வெளியே பார்க்கச் சொல்கிறேன். எங்கள் கடை மட்டுமா இந்தக் கதியில் இருக்கிறது?

புறக்கோட்டையிலிருந்து மேற்கே சற்று நடந்தால் கோட்டை. அங்கே கதை வேறு. 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கி மீது நடந்த குண்டுத் தாக்குதலில் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மறு வருடம் ஒக்டோபரில் உலக வர்த்தக மையத்தின் அருகே இன்னொன்று. கம்பனிகள் ஒவ்வொன்றாகக் கொள்ளுப்பிட்டிக்கும் அதற்கு அப்பாலும் போயின. வீதிகளுக்குக் குறுக்கே தடைகள் விழுந்தன. 1895இல் திறந்த பிரதான தபாலகக் கட்டிடத்திலிருந்து, ஜனாதிபதி மாளிகைக்கு நேரெதிரே இருந்த காரணத்தால், தபாலகமே வெளியேறியது. ஆள் நடமாட்டம் இல்லாத கட்டிடத்தில் பீலியை யார் பார்ப்பது? துறைமுகப் பக்கத்தில் கபூர் கட்டிடம் இருக்கிறது. மாணிக்க வியாபாரி என்.டி.எச். அப்துல் கபூர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டியது. மஹரகமையில் கபூரியா அரபுக் கல்லூரியை 1931இல் நிறுவிய அதே கபூர் ஹாஜியார்தான். கப்பலால் இறங்கிய வெள்ளைக்காரர்கள் அண்ணாந்து பார்த்த அந்தக் கட்டிடம் பல்லாண்டு காலம் ஜன்னலும் கதவும் உதிர்ந்து பாழடைந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பழையதுதான் கெடும் என்றும் இல்லை. 2014இல் பெஸ்டியன் மாவத்தை அருகே மிதக்கும் சந்தையை எவ்வளவு ஆரவாரமாகத் திறந்தார்கள்! சில வருடங்களுக்குள் பலகை உக்கி, கடைகள் மூடிக் கிடந்தன. வயதுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் இருக்கும் ஒல்லாந்தர் நூதனசாலை ஒரு காலத்தில் ஒல்லாந்த ஆளுநர் ஒருவர் வாழ்ந்த பதினேழாம் நூற்றாண்டு வீடு. பிற்காலத்தில் தபாலகமாக இருந்தபோது, 1970களின் தொடக்கத்தில், மழைக்குத் தெருப்பக்கச் சுவர் விழுந்தது. இடித்துத் தள்ளியிருக்கலாம். இடிக்கவில்லை. பழுதுபார்த்து 1982இல் நூதனசாலையாகத் திறந்தார்கள். கோட்டையின் ஒல்லாந்த வைத்தியசாலையும் அப்படித்தான். நெடுங்காலம் பொலிஸ் நிலையமாக இருந்து, 1996 குண்டுவெடிப்பில் சேதமாகி நின்றது. 2011 டிசம்பரில் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தபோது, அரை மீற்றர் தடித்த அதே சுவர்களுக்கு நடுவில் சனங்கள் காசு கொடுத்து உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். முந்நூறு வருடத்துக்கு மேல் பழைய சுவர் அது.

எங்கள் கடைக்கு ஐந்து நிமிட நடையில் சம்மாங்கோட்டார் பள்ளி இருக்கிறது. 1909இல் கட்டி முடித்த சிவப்பும் வெள்ளையுமான அந்தப் பள்ளியைத் தெரியாதவர் யார்? இந்திய வம்சாவளி முஸ்லிம் வியாபாரிகள் கட்டினார்கள். திட்டம் வரைந்த ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை பட்டம் பெற்ற கட்டிடக் கலைஞர்கூட அல்ல. எங்கள் கடையைப் போலவே அதே மழை, அதே உப்புக் காற்று, அதே காகம். ஆனால் அங்கே அன்றாடம் ஐந்து வேளை ஆள் வருகிறது. ஒழுகினால் அன்றைக்கே ஒருவர் கண்ணில் படும், அடுத்த வெள்ளிக்குள் ஒருவர் பொறுப்பெடுப்பார். அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டம் பாதுகாக்காதா என்று கேட்பீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய கட்டிடங்களைத்தான் தொன்மைச் சின்னமாகக் கொள்கிறது. கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள் அது. அதற்குப் பிந்தியவற்றை வர்த்தமானியில் தனியாக அறிவித்தால்தான் பாதுகாப்பு. புறக்கோட்டையின் கடைகள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. எங்களுடையது வெறும் கடை. யாரும் அறிவிக்கப் போவதில்லை.

ஆகவே நாங்களே ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. தம்பியின் மகளும் நானும் முதலில் செய்தது ஒரு பெரிய தாளில் குடும்ப மரத்தை வரைந்ததுதான். யார் எப்போது மௌத்தானார், அப்போது யார் யார் உயிரோடிருந்தார்கள், யாருக்கு எத்தனை பங்கு. திகதி ஒன்று மாறினால் பங்கும் மாறும் என்பதால் மௌலவி ஒருவரிடமும் நொத்தாரிசு ஒருவரிடமும் காட்டிச் சரிபார்த்தோம். 31 பேர் வந்தார்கள். ஒன்பது பேர் வெளிநாட்டில். மூன்று பேரை நான் கலியாண வீட்டில்கூடக் கண்டதில்லை. பெண் வழிப் பங்குகளைச் சிலர் மறந்தே போயிருந்தார்கள் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன். தாளில் எழுதிய பிறகுதான் "ஓ, அவவுக்கும் இருக்கிறதா?" என்று கேட்டார்கள்.

பிறகு வாடகைக்காரரிடம் போனோம். தேநீர் வரவழைத்தார். கணக்கைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, "டீச்சர், நான் பாதி தாறன். ஆனா கடைய உட்டு எழும்பச் சொல்லமாட்டீங்க எண்டு உங்கட மாமா என்ட மூஞ்சப் பாத்துச் சொல்லோணும்" என்றார். மாமா சொன்னார். கையைப் பிடித்துக் கொண்டு சொன்னார். வாடகையில் யாரும் கை வைக்கவில்லை, அது 320ஆகவே இருக்கிறது. மேல்மாடிப் பொதிகளில் முக்கால்வாசியை வேறு களஞ்சியத்துக்கு மாற்றவும் அவர் சம்மதித்தார்.

மிச்சம் 11 இலட்சம் எங்கள் பாடு. ஐம்பத்தைந்தால் பிரித்தால் ஒரு பங்குக்கு இருபதாயிரம். என் இருபதாயிரம் ரூபா மாதம் 5 ரூபா 82 சதமாகத் திரும்பி வர 286 வருடங்கள் எடுக்கும் என்று என் மகன் கணினியில் தட்டிப் பார்த்துச் சிரித்தான். சிரிக்கட்டும். வசதியில்லாதவர்களின் பங்கை வசதியுள்ளவர்கள் போட்டார்கள். "இரண்டு மாரி" என்று சொன்னவரும் கொடுத்தார். அவர் கொடுத்ததை அவர் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லவில்லையாம்.

கொழும்பில் மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களில், 2024இல், வேலை நடந்தது. சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் கிடைப்பதுதான் கஷ்டமாயிருந்தது. கடைசியில் எழுபது வயது தாண்டிய ஒருவரைத் தேடிப் பிடித்தோம். கதிரையில் உட்கார்ந்து கொண்டே இரண்டு இளைஞர்களுக்குப் பழக்கினார். சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊற வைத்து, மணலோடு கலந்து, சீமேந்துப் பூச்சைக் கொத்தியெடுத்த இடத்தில் மெல்லிய படை படையாகப் பூசினார்கள். ஒவ்வொரு படையும் காயும்வரை அடுத்ததைத் தொட விடமாட்டார். அவசரப்படுத்திய எங்களைப் பார்த்து ஒரு நாள் ஏசினார். உத்திர நுனிகளில் உக்கிய பகுதியை அறுத்துவிட்டுப் புது மரம் பொருத்தினார்கள். பீலியை அகலமாக்கி, புறா புகாதபடி கம்பிவலை போட்டார்கள். அரச வேர் எடுத்தபோது, அது சுவருக்குள் ஏழடி ஓடியிருந்தது.

அந்த வருடத்து மே மழையில் மேல்மாடி நனையவில்லை. இதை வாசித்துவிட்டு யாரும் எங்கள் கடையைப் பார்க்கப் போனால் ஏமாந்து போவீர்கள். முகப்புக்கு வர்ணம் பூசவில்லை. பலகணி இன்னும் முட்டுக் கொடுத்துத்தான் நிற்கிறது. தரகர் இன்னும் மாமாவுக்குத் தொலைபேசி எடுக்கிறார்.

இதேபோல பள்ளிவாசல்களுக்கு வக்பு செய்த கடைகளும் நமது நகரங்களில் இருக்கின்றன. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டமும் வக்பு சபையும் இருந்தும், பழைய வாடகையில் ஒழுகிக் கொண்டிருப்பவை பல. உங்கள் ஊர் நிர்வாக சபையில் நீங்கள் இருந்தால், வருடத்தில் இரண்டு தரம், மே மாதத்துக்கு முன்னும் ஒக்டோபருக்கு முன்னும், யாராவது ஒருவரை ஏணி வைத்து ஏற்றிப் பீலியைப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நாள் கூலிதான்.

எங்களுக்கு இப்போது அடுத்த கட்டம் மின்சார வேலையும் பலகணியும். அதற்கும், உறுதியில் பெயர்களை ஒழுங்குபடுத்தவும், நோட்டீஸ் வந்தால் பதில் எழுதவும் பொறுப்பாக ஒருவர் வேண்டும். 31 பேரும் சேர்ந்து தம்பியின் மகளுக்கு அற்றோணி தத்துவம் எழுதிக் கொடுப்பதென்று பேசியிருக்கிறோம். மெல்பேர்னிலிருந்தும் டோஹாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் தூதரக முத்திரையோடு கடிதங்கள் வந்து சேர்ந்தன. 28 கையெழுத்து ஆகிவிட்டது. இன்னும் மூன்று பாக்கி. ஒருவர் டொரொன்டோவில் இருக்கிறார்; குளிர் முடிந்ததும் தூதரகத்துக்குப் போவதாகச் சொல்கிறார். மற்ற இருவரும் தெமட்டகொடையில் இருக்கிறார்கள். அங்கிருந்து கடைக்கு முச்சக்கர வண்டியில் பதினைந்து நிமிடம்.